வாமடையில் கேட்ட சம்மதம்

1. முதல் நாள், முதல் மனு

குத்தாலத்தை அடுத்த ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில் நான் பொறுப்பேற்ற முதல் நாள். சால்வை போட்டு, லட்டு கொடுத்து முடித்த கையோடு அலுவலக உதவியாளர் ஒரு மனுவை நீட்டினார்.

"வீட்டு வருகை மேடம். பழைய ஆபீசர் தேதி குடுத்துட்டு மாறுதல்ல போயிட்டாரு. இன்னைக்கு மத்தியானம் போயாகணும்."

படுத்த படுக்கையாக இருப்பவர் பத்திர ஆபீஸ் படியேறி வர முடியாது. அதனால் மனு கொடுத்து, கட்டணம் கட்டினால் சார்பதிவாளரே அவர் வீட்டுக்குப் போய்ப் பதிவு செய்து தரலாம். இதைத்தான் வீட்டு வருகை என்கிறோம். சட்டத்தில் இரண்டு வரி. ஆனால் இந்த வேலையில் எனக்குக் கடினமாக இருந்தது வில்லங்கம் பார்ப்பதோ, வழிகாட்டி மதிப்புக்குச் சண்டை போடுவதோ இல்லை. ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "நீங்க மனசாரத்தான் எழுதிக் குடுக்கிறீங்களா?" என்று கேட்பதுதான். புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். வயதானவர் இல்லாத வீடு எங்கே இருக்கிறது?

அன்றைய பத்திரம் ஒரு தான செட்டில்மென்ட். எழுதிக்கொடுப்பவர் சிவஞானம், விவசாயி. எழுதி வாங்குபவர் அவர் மகள் மங்கையர்க்கரசி. சொத்து, அவர்கள் குடியிருக்கும் வீடு. சிவஞானம் தன் சம்பாத்தியத்தில் வாங்கியது. தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, டாக்டர் சான்றிதழ் எல்லாம் வரிசையாக இருந்தன. பத்திரம் எழுதிய பக்கிரிசாமி அந்த வட்டாரத்தில் பழுத்த பத்திர எழுத்தர். காரில் என் பக்கத்தில் உட்கார்ந்து வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தார்.

"பொண்ணு வாழப் போன எடத்துல சரியில்லாம திரும்பி வந்திடுச்சு மேடம். தனியார் பள்ளிக்கூடத்துல டீச்சர். அம்மா இல்ல. பெரியவருக்குப் பக்கவாதம் வந்ததுலேர்ந்து குளிப்பாட்டுறது, சோறு ஊட்டுறது எல்லாம் அதுதான். பையன் பெங்களூர்ல."

"செட்டில்மென்ட் எதுக்கு? உயில் எழுதலாமே?"

"உயிலா?" பக்கிரிசாமி சிரித்தார். "உயில்னா நாளைக்கு ஆயிரம் பேரு கேள்வி கேப்பான் மேடம். செட்டில்மென்ட்னா இன்னைக்கே பேரு மாறிடும். அதோட முடிஞ்சுது. நம்ம பக்கம் எல்லாருமே செட்டில்மென்ட்தான்."

அது உண்மைதான். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு வீடு கொடுப்பது என்றால் உடனே செட்டில்மென்ட் போட்டுவிடுவார்கள். உயில் என்று சொன்னால் சாவைக் கூப்பிடுவது போல முகம் சுளிப்பார்கள். செட்டில்மென்ட் பதிவான மறு நிமிஷம் வீடு அவர்களுடையது இல்லை, உயில் என்றால் கண்ணை மூடும் வரை அவர்களுடையதுதான், வேண்டுமானால் மாற்றியும் எழுதலாம் என்பதை யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. விதை நெல்லை முளைப்புத் திறன் பார்த்து வாங்குகிறவர்கள், இதில் மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்தார் என்று பார்த்துச் செய்துவிடுவார்கள். எனக்கு இதில் எப்போதும் ஒரு கோபம் உண்டு. ஆனால் சார்பதிவாளர் புத்தி சொல்ல வந்தவர் இல்லை. கொண்டுவந்த பத்திரம் சரியா, எழுதியவர் ஒப்புக்கொள்கிறாரா, அவ்வளவுதான் நம் வேலை.

2. தலையாட்டல்

ஓட்டு வீட்டை இடித்துவிட்டுக் கட்டிய கான்கிரீட் தார்சு வீடு. முன்னால் போர்ட்டிகோ. மங்கையர்க்கரசி வாசலிலேயே நின்றிருந்தார். நாற்பதைத் தாண்டிய பெண். பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு போட்டிருப்பார் போலிருக்கிறது, புடவையில் சாக்பீஸ் தூள் அப்படியே இருந்தது. கொஞ்சம் தள்ளி மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி தம்பி இளங்கோ. காலையில்தான் பெங்களூரிலிருந்து வந்திருக்கிறார்.

"காப்பி கலக்கட்டுமா மேடம்?"

"அப்புறம் பாக்கலாம்மா" என்றேன். பதிவு முடியும்வரை அந்த வீட்டில் நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. குடித்துவிட்டால் முடியாது என்று சொல்வதற்கு வாய் கூசும்.

பெரியவர் பின்கட்டு அறையில் இருந்தார். கட்டிலை ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்தார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு இல்லை. ஆனால் முகம் சவரம் செய்து பளிச்சென்று இருந்தது. நெற்றியில் திருநீறு. என்னைப் பார்த்ததும் இடது கையை நெஞ்சில் வைத்து வணங்கினார். படுக்கையில் கிடப்பவர் அறையில் வழக்கமாக வரும் வாடை துளியும் இல்லை. அந்தப் பெண் எப்படிப் பார்த்துக்கொள்கிறார் என்பதற்கு எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

பத்திரத்தில் அவருடைய இடது பெருவிரல் ரேகை பதிந்திருந்தது. ரேகையை மட்டும் வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை. விரலைப் பிடித்து வைத்தால் யார் விரலும் பதியும்.

"எல்லாரும் வெளியே இருங்க" என்றேன்.

பக்கிரிசாமி தயங்கினார். "டாக்டர் சர்டிபிகேட் இருக்கே மேடம். நெனவு தெளிவா இருக்குன்னு போட்டிருக்காரு."

"நெனவு இருக்குன்னு டாக்டர் சொல்லலாம். சம்மதம் இருக்குன்னு இவருதான் சொல்லணும்."

எல்லோரும் போர்ட்டிகோவுக்குப் போனார்கள். என் அலுவலக உதவியாளர் மட்டும் அறை வாசலில் நின்றார். நாற்காலியைக் கட்டிலுக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, பத்திரத்தை வரி வரியாகப் படித்தேன். பெரியவர் கவனமாகக் கேட்டார்.

"இந்த வீட்டை உங்க மக பேருக்கு எழுதிக் குடுக்க உங்களுக்குச் சம்மதங்களா ஐயா?"

தலையாட்டினார். நல்ல, தெளிவான தலையாட்டல். புது ஆபீசருக்கு அதுவே போதும் என்று தோன்றியிருக்கும். எனக்கும் தோன்றியது. இருந்தாலும் ஒன்று கேட்டேன்.

"மகனுக்கும் பாதி குடுத்துடலாமா?"

தலையாட்டினார்.

"மகளுக்கு வேணாம், மகனுக்கே முழுசா எழுதிடலாமா?"

அதற்கும் தலையாட்டினார்.

கடைசியாகக் கேட்டேன். "வேற யாருக்கும் வேணாம். எனக்கே எழுதிக் குடுத்துடுறீங்களா?"

பந்தியில் பரிமாறுகிறவர் இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டால் மரியாதைக்கு ஆட்டுவோமே, அப்படி ஒரு தலையாட்டல். முகத்தில் பணிவான சிரிப்பு வேறு. அந்த வீட்டை அன்று நான் என் பேருக்கே எழுதிக்கொண்டு போயிருக்கலாம்.

3. பாதி வீடு

வெளியே வந்து விஷயத்தைச் சொன்னேன். பெரியவர் எதைக் கேட்டாலும் சரி என்கிறார், இதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு நான் பதிய முடியாது.

மங்கையர்க்கரசி சுவரைப் பிடித்துக்கொண்டார். "அப்பாவுக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு மேடம். அவரு அப்படித்தான். யாரு மொகத்துக்கு நேராவும் முடியாதுன்னு சொன்னதே இல்லை. கடன் கேட்டு வந்தாலும் தலையாட்டுவாரு, கட்சிக்கு நன்கொடை கேட்டு வந்தாலும் தலையாட்டுவாரு. அப்புறம் குடுக்க மாட்டாரு. ஊருக்கே தெரியும்."

"அதைத்தான் அக்கா நானும் சொல்றேன்." இளங்கோ முன்னால் வந்தார். "உன் பேருக்கு எழுத வேணாம்னு நான் சொல்லலை. அப்பா சொன்னா எனக்குச் சரி. ஆனா அப்பா சொல்லணும். நீ விரலைப் புடிச்சு வச்சுட்டு, அப்பா சொன்னாருன்னு சொல்லக் கூடாது."

"நீ அவரு பக்கத்துல இருந்தாத்தானே அவரு என்ன சொல்றாருன்னு தெரியும்?"

"சரி, நான் இல்ல. அதுக்காக?"

"அதுக்காக ஒண்ணுமில்லடா. அப்பா போயிட்டா இந்த வீட்டுல பாதி உனக்குன்னு சட்டம் சொல்லுது. நீ என்னை வெளியில போன்னு சொல்ல மாட்ட, தெரியும். நாளைக்கு உனக்கு ஒரு கஷ்டம் வந்தா? வித்துக் குடுன்னுதானே கேப்ப? வித்துட்டு நான் எங்க போறது? ஏற்கெனவே ஒரு வீட்டுலேர்ந்து பொட்டியோட வந்தவ நான்."

அந்தப் பெண் அழவில்லை. வகுப்பில் கணக்குப் போட்டுக் காட்டுவது போல நிதானமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. இருவரில் யாரும் கெட்டவர் இல்லை. தம்பி கேட்டது நியாயம். அக்கா பயந்ததும் நியாயம். நடுவில் நான் ஒருத்தி, சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பெற்றவரைப் பார்த்துக்கொள்கிற பெண்ணின் தலையில் கல்லைப் போட்டுவிட்டுப் போகப் பார்க்கிறேன்.

"ஒரு பவராவது எழுதி வாங்கிக்கலாமா மேடம்?" என்று மங்கையர்க்கரசி கேட்டார். பலரும் கேட்பதுதான்.

"பவருக்கும் அவரு சம்மதம் வேணும்மா. அப்படியே எழுதினாலும், அவருக்கு நெனவு தப்பிட்டா அந்தப் பவர் செல்லாது. அவரு காலத்துக்கு அப்புறமும் செல்லாது. நீங்க பயப்படுற நேரத்துல அது உங்களுக்கு உதவாது."

பக்கிரிசாமி பையை மூட ஆரம்பித்துவிட்டார். என்னை அவருக்குப் பிடிக்காமல் போனது அந்த நிமிஷம்தான் என்று நினைக்கிறேன்.

4. ஜன்னல்

வணங்கி வரவேற்ற மனிதரிடம் சொல்லாமல் கிளம்புவது முறையாகாது. போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்று பின்கட்டு அறைக்குத் திரும்பினேன்.

பெரியவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார். கொல்லை முடிகிற இடத்தில் அவர்களுடைய வயல். குறுவை நட்டுப் பயிர் பச்சை பிடித்திருந்தது. வரப்பில் ஒருவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இந்த ஜன்னலையே பார்த்து நின்றார். காலடியில் வாமடை, அதாவது வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் பாயும் வாய்.

பெரியவர் இடது கையைத் தூக்கினார். உள்ளங்கையைக் கவிழ்த்துக் கீழே அழுத்தினார். வரப்பில் நின்றவர் உடனே நாலு வெட்டு மண்ணை வெட்டிப் போட்டு வாமடையை அடைத்தார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன்.

கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு நேராக வரப்புக்குப் போனேன். மங்கையர்க்கரசி பின்னாலேயே ஓடிவந்தார். மண்வெட்டிக்காரர் பெயர் கலியபெருமாள். அந்த வயலில் நெடுநாளாக வேலை பார்க்கிறவர்.

"இப்ப அவரு என்ன சொன்னாரு?"

"அடைக்கச் சொன்னாருங்கம்மா. நேத்துதான் மேலுரம் போட்டிருக்கு. தண்ணி ஏறினா உரமெல்லாம் கரைஞ்சு அடுத்தவன் வயலுக்குப் போயிடும்ல."

"தெறக்கணும்னா?"

கலியபெருமாள் கையை மல்லாத்தி மேலே அள்ளிக் காட்டினார். "இப்படி. வாய்க்கா ஓரத்துல நின்னு கத்தினா எங்க கேக்குது? ஆதியிலேர்ந்து கையாலதான் பேசிக்குவோம். ஐயா படுத்ததுக்கப்புறமும் அவருதான் தண்ணி பாக்குறாரு. நான் வெட்டுறதோட சரி. போன போகத்துல நான் கெஞ்சிக் கேட்டும் தெறக்கவே விடலை. கையை இப்படி அழுத்திக்கிட்டே கெடந்தாரு."

மங்கையர்க்கரசியைப் பார்த்தேன். "இது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் மேடம். தெனமும் பாக்கிறதுதான். அது... தண்ணிக்குத்தானேன்னு..." என்று சொல்லிக்கொண்டே போனவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

பெரியவர் நேருக்கு நேர் நிற்கிறவரிடம் முடியாது என்று சொல்ல மாட்டார். வயலிடம் சொல்வார்.

5. அடை, திற

பேச முடியாதவர் சைகையால் ஒப்புக்கொண்டால் சட்டம் ஏற்கும். ஆனால் சைகைக்கு அர்த்தம் சொல்கிறவர் நம்பகமாக இருக்க வேண்டும். அங்கேதான் தில்லுமுல்லு நுழையும். அதனால் கலியபெருமாளை வரப்பிலேயே நிற்கச் சொன்னேன். "நான் உள்ளே என்ன கேக்கிறேன்னு உங்களுக்குத் தெரியக் கூடாது. அவரு கை என்ன சொல்லுதுன்னு மட்டும் சத்தமாச் சொல்லுங்க." அக்காவும் தம்பியும் பக்கிரிசாமியும் போர்ட்டிகோவுக்கே திரும்பினார்கள். அங்கே கலியபெருமாள் குரல் கேட்கும், என் கேள்வி கேட்காது.

பெரியவரிடம் குனிந்து சொன்னேன். "என்னைப் பாக்க வேணாம் ஐயா. தலையாட்டவும் வேணாம். ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டுக் கையால சொல்லுங்க. சரின்னா தெறக்கச் சொல்லுங்க. வேணாம்னா அடைக்கச் சொல்லுங்க."

என்னை ஒரு பார்வை பார்த்தார். முகத்தின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விடை எனக்கே தெரிந்த கேள்விகளில் தொடங்கினேன்.

"உங்க சம்சாரம் இருக்காங்களா?"

கை கவிழ்ந்து அழுந்தியது. வெளியிலிருந்து குரல் வந்தது. "அடைக்கச் சொல்றாரு!"

"உங்களுக்கு ஒரு பொண்ணு, ஒரு பையன். சரிங்களா?"

"தெறக்கச் சொல்றாரு!"

"நான் உங்களுக்குச் சொந்தக்காரியா?"

"அடைக்கச் சொல்றாரு!" என்று கத்திவிட்டுக் கலியபெருமாள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். "அம்மா, நெசமாவே தெறந்து தெறந்து அடைக்கணுமா? இடுப்பு ஒடியுது." பாவம், ஒவ்வொரு தடவையும் மண்ணை வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார். வெறுமனே சொன்னால் போதும் என்று உதவியாளர் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பெரியவரின் தோள் சிரிப்பில் குலுங்கியது.

மாற்றி மாற்றிக் கேட்டேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. இனி அவர் புத்தியில் எனக்குச் சந்தேகம் இல்லை. பத்திரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"இந்த வீட்டை இன்னைக்கே உங்க மக பேருக்கு மாத்தி எழுதலாமா?"

கை உயர்ந்தது. கவிழ்ந்தது. அழுத்தி அப்படியே நின்றது.

"அடைக்கச் சொல்றாரு!"

இன்னொரு தடவை, வேறு வார்த்தையில் கேட்டேன். "செட்டில்மென்ட் பதியட்டுங்களா?" கை இன்னும் வேகமாக அழுந்தியது.

சட்டப்படி என் வேலை அதோடு முடிந்துவிட்டது. எழுதியவர் ஒப்புக்கொள்ளவில்லை, பதிவு இல்லை, வண்டியைக் கிளப்பலாம். போர்ட்டிகோவில் அந்தப் பெண் கலியபெருமாளின் குரலை எண்ணிக்கொண்டு நிற்பார். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று அவருக்குத் தெரியாது. நான் போய்த்தான் சொல்ல வேண்டும். உங்கள் அப்பா உங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று எந்த வாயால் சொல்வது?

ஆனால் அவர் வேண்டாம் என்றது எதை? மகளையா, அந்தப் பத்திரத்தையா? நான் கேட்ட கேள்வியில் இரண்டும் ஒன்றாகக் கிடந்தன. பிரித்துக் கேட்காமல் போனால் தவறு என் பேரில்தான் இருக்கும்.

"உங்க காலத்துக்கு அப்புறம் இந்த வீடு மகனுக்கா?"

அடை.

"ரெண்டு பேருக்கும் பாதிப் பாதியா?"

கை கொஞ்சம் தயங்கியது. பிறகு, அடை.

"உங்க காலத்துக்கு அப்புறம் முழுசா மகளுக்கா?"

கை மல்லாந்து மேலே அள்ளியது. நிற்கவில்லை. மறுபடி அள்ளியது, மறுபடியும். வெளியில் கலியபெருமாள், "தெறக்கச் சொல்றாரு! நல்லாத் தெறக்கச் சொல்றாரு!" என்று கத்தினார்.

எனக்குக் கண் கலங்கியது. உதவியாளர் முன்னால் அழக் கூடாது என்று பத்திரத்தைப் புரட்டுவது போல நடித்தேன். பிறகு கடைசியாக ஒன்று கேட்டேன். சட்டத்துக்கு இது தேவையில்லை. எனக்குத் தேவைப்பட்டது.

"நீங்க இருக்கிற வரைக்கும் இது உங்க வீடா இருக்கணும். அதானே ஐயா?"

இந்த முறை அவர் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையைத் தூக்கித் திறந்தார்.

6. பக்கிரிசாமியின் உயில்

போர்ட்டிகோவில் நடந்ததைச் சொன்னேன். வேண்டாம் என்றார் என்கிற இடத்தில் மங்கையர்க்கரசியின் முகம் விழுந்தது. மீதியைச் சொன்ன பிறகும் அவர் சிரிக்கவில்லை.

"நான் அவரைக் கேக்கவே இல்லையே மேடம்" என்றார். "எழுதி எடுத்துட்டுப் போய், சம்மதமாப்பான்னேன். தலையாட்டினாரு. ஊருக்கே தெரிஞ்ச அவரு கொணத்தை நானும் எனக்குத் தெரியாத மாதிரி விட்டுட்டேன்."

இளங்கோ அக்காவின் பக்கத்தில் வந்து நின்றார். "அப்பா சொல்லிட்டாருக்கா. எனக்கு அது போதும்." அப்பா இன்னும் இப்படிப் பேசுகிறார் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது.

செட்டில்மென்ட் பத்திரத்துக்கு மறுப்பு எழுதித் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த வாரம் பக்கிரிசாமி முணுமுணுத்துக்கொண்டே உயில் எழுதினார். ஒவ்வொரு பத்தியையும் பெரியவருக்குப் படித்துக் காட்ட, கலியபெருமாள் வரப்பில் நின்றார். வீடு மகளுக்கு, வயல் இருவருக்கும் சமமாக. இருக்கும்வரை எல்லாம் தனக்கே என்ற பத்தி வந்தபோது மறுபடி படிக்கச் சொல்லிக் கை காட்டினாராம். மருத்துவச் சான்று கொடுத்த டாக்டரும் எதிர் வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரரும் சாட்சி. நான் மறுபடி போய் எல்லாரையும் வெளியே அனுப்பி, மறுபடி ஜன்னல் வழியாகக் கேட்டுப் பதிவு செய்தேன்.

திரும்பும்போது பக்கிரிசாமி காரில் என்னோடுதான் வந்தார். குத்தாலம் கடைத்தெரு வந்த பிறகு, "எங்கப்பாகிட்டேயும் போன வருஷம் செட்டில்மென்ட் எழுதித்தான் வாங்கினேன் மேடம்" என்றார். "நல்லாத்தான் வச்சிருக்கேன். ஆனா அதுலேர்ந்து அவரு எது வேணும்னாலும் எங்கிட்ட கேக்கிறாரு. சட்டை தைக்கணும்னாக்கூட."

7. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு

வீட்டு வருகைக்குப் போனால், ஆமாம் என்று மட்டுமே பதில் வரக்கூடிய கேள்வியைக் கேட்காதீர்கள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு எந்த வழி வசதி என்று முதலில் கண்டுபிடியுங்கள். சிலருக்குக் கை, சிலருக்குக் கண். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர் சரி என்றால்தான் அது சம்மதம். வேண்டாம் என்று வந்தால் எதற்கு வேண்டாம் என்று பிரித்துக் கேளுங்கள். வீட்டில் இருக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்வேன். அப்பாவுக்கு வாய் இருக்கும்போதே இதைப் பேசிவிடுங்கள். உயில் என்றால் யாரும் செத்துப்போய்விட மாட்டார்கள். நான் பதிவு செய்த உயில்காரர்களில் பலர் இன்னும் ரேஷன் கடையில் வரிசையில் நிற்கிறார்கள்.

சிவஞானம் அதற்குப் பிறகும் சில வருஷங்கள் இருந்தார். நான் தஞ்சாவூருக்கு மாறுதலாகி வந்த பிறகு, ஒரு நாள் மங்கையர்க்கரசி என் அலுவலகத்துக்கு வந்தார். வேறு வேலையாகத் தஞ்சாவூர் வந்தவர், என்னைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நுழைந்திருக்கிறார். அப்பா போய்விட்டதைச் சொன்னார். கருமாதிக்கு வந்த இளங்கோவே உயிலை எடுத்துப் படித்து, அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனதைச் சொன்னார். காப்பி வாங்கிவரச் சொன்னேன். இந்தத் தடவை இருவரும் குடித்தோம்.

"மேடம், அன்னைக்கு நீங்க பதிஞ்சிருந்தா அவரு கடைசி வரைக்கும் என் வீட்டுல சாப்பிட்டிருப்பாரு" என்றார். "இப்ப, கடைசி வரைக்கும் நான் எங்கப்பா வீட்டுல சாப்பிட்டேன்."

ஓய்வு பெற்ற கையோடு நான் என் வீட்டுக்கு உயில் எழுதினேன். ஒரே மகன், அவனுக்குத்தான். செட்டில்மென்ட்டாகப் போட்டால் வேலை சுலபம் என்று அவன் ஏற்கெனவே ஜாடையாகச் சொல்லியிருந்தான். உயிலைப் படித்துவிட்டு, "அப்ப, இப்போதைக்கு வீடு யாருதும்மா?" என்று கேட்டான்.

"என்னுதுடா" என்றேன். "செருப்பை வெளியில கழட்டிப் போட்டுட்டு உள்ள வா."